வேனுக்கு வந்த நோய்

நோய்க்கு மருந்து கொடுப்பது வேறு. நோயின் காரணத்தைக் கண்டுபிடிப்பது வேறு. முன்னதற்குப் பணம் இருந்தால் போதும். பின்னதற்குப் பொறுமை வேண்டும். இந்த உண்மையை நான் கற்றது பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் அல்ல. காக்ஸ் டவுனில், என் மாமா வீட்டு வாசலில், ஒரு பழைய வேனின் முன்னிருக்கையைத் தூக்கி நிறுத்திவிட்டுக் கையெல்லாம் கரியாக நின்ற வேளையில்.

இலக்கியமும் வரலாறும் இடம்பெறும் நம் மன்றத்து இதழில் பெட்ரோல் வண்டிக்கு என்ன வேலை என்று தோழர்கள் சிலர் கேட்கலாம். நம்மில் பலர் வீட்டில் வண்டி உண்டு. வண்டியை நம்பிப் பிழைக்கும் உறவினரும் உண்டு. "நிறுத்தினால் நடுங்குகிறது, பெட்ரோலைக் குடிக்கிறது" என்ற முறையீட்டைக் கேளாத வீடு குறைவு. அந்த இரு குறிகளையும் கையில் வைத்துக்கொண்டு காரணத்தை எவ்வாறு தேடுவது என்பதே இக்கட்டுரையின் பொருள். நான் செய்த பிழைகளையும் மறைக்காமல் எழுதுகிறேன். என் வெற்றியைவிட அவை உங்களுக்கு மிகுதியாகப் பயன்படும்.

மாமாவின் கணக்கு

என் ஊர் குடியாத்தத்துக்கு அருகே ஒரு சிற்றூர். எம்.எஸ்ஸி. பௌதிகம் படிக்கப் பெங்களூருக்கு வந்து, காக்ஸ் டவுனில் தாய்மாமன் வீட்டில் தங்கியிருக்கிறேன். மாமா இருபது ஆண்டுகளுக்கு முன்னரே இங்கு வந்து காலூன்றியவர். அத்தை சமைப்பார், மாமா அதை வேனில் ஏற்றிக்கொண்டு அல்சூர், இந்திரா நகர், சிவாஜி நகர் என்று கடைகளுக்கும் அலுவலகங்களுக்கும் கொண்டுபோய்க் கொடுப்பார். ஒரு நடைக்கு ஏழு கிலோமீட்டர். நாளொன்றுக்கு ஆறு நடை. குடும்பத்தின் வருமானம் இவ்வளவே.

வேன் 2009ஆம் ஆண்டில் வாங்கியது. மூன்று உருளைகள் கொண்ட 796 சி.சி. எஞ்சின். கார்புரேட்டர் கிடையாது, ஒரு சிறு கணினி சென்சார்களின் செய்தியைக் கேட்டு, இவ்வளவு பெட்ரோல் என்று அளந்து தெளிக்கும் முறையைச் சேர்ந்தது.

2025 ஆகஸ்டில் ஒருநாள் மாமா என்னை அழைத்தார். "மாப்பிள்ளை, நீ பௌதிகம் படிக்கிறாயே, இந்த வண்டிக்கு என்ன பேய் பிடித்திருக்கிறது என்று பார்த்துச் சொல்லேன். சிக்னலில் நின்றால் சாம்பார்த் தூக்கின் மூடியெல்லாம் தாளம் போடுகிறது. பெட்ரோலோ தண்ணீராய்ப் போகிறது" என்றார்.

மாமாவிடம் ஒரு நல்ல பழக்கம் உண்டு. பெட்ரோல் போடும் ஒவ்வொரு முறையும் டேங்கை நிரப்பி, லிட்டரையும் கிலோமீட்டரையும் ஒரு நோட்டில் குறித்துவைப்பார். நிரம்பிய டேங்கிலிருந்து மறுபடியும் நிரம்பும் வரை ஓடிய தூரத்தை, இரண்டாம் முறை ஊற்றிய லிட்டரால் வகுத்தால் உண்மையான மைலேஜ் கிடைக்கும். முள்ளைப் பார்த்துச் சொல்லும் மைலேஜ் வெறும் ஊகம். அந்த நோட்டு சொன்ன கணக்கு இது: 2022இல் லிட்டருக்கு 14 கிலோமீட்டர், 2025 தொடக்கத்தில் 13, ஆகஸ்டில் 10.5.

இங்கே ஒரு சிறு எச்சரிக்கை. மைலேஜ் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தால் செலவும் ஐந்தில் ஒரு பங்குதான் கூடும் என்று நினைக்காதீர்கள். நான்கில் ஒரு பங்கு கூடும். 42 கிலோமீட்டர் ஓட முன்பு மூன்றே கால் லிட்டர் போதும். இப்போது நான்கு லிட்டர் வேண்டும். லிட்டர் நூறு ரூபாயைத் தாண்டி விற்ற அந்நாளில், மாதத்திற்கு ஏறத்தாழ இரண்டாயிரம் ரூபாய் புகையாகப் போயிற்று. பத்தாம் வகுப்புப் படிக்கும் மாமன் மகளின் டியூஷன் கட்டணம் அவ்வளவே. ஆறாவது நடையை நிறுத்திவிடுவதா, வண்டியையே விற்றுவிடுவதா என்று மாமாவும் அத்தையும் இரவில் பேசிக்கொண்டதை நான் கேட்டேன். ஆகவே இது எனக்கு விளையாட்டு ஆராய்ச்சியாக இருக்கவில்லை.

ஏன் நின்றால் மட்டும் நடுக்கம்?

ஐடிலிங்கில், அதாவது வண்டி நின்று எஞ்சின் மட்டும் ஓடும்போது, எஞ்சின் தன் சொந்த உராய்வை வெல்லும் அளவுக்கே ஆற்றல் தருகிறது. மிச்சம் எதுவும் கையிருப்பில் இல்லை. நிமிடத்திற்கு 900 சுற்று என்றால், மூன்று உருளைகளிலும் சேர்த்து நொடிக்கு 22 அல்லது 23 வெடிப்புகள். இரண்டு சுற்றுக்கு ஒரு முறைதான் ஓர் உருளையில் வெடிப்பு நிகழும். மூன்றில் ஒன்று சோர்ந்தால் மூன்றில் ஒரு பங்கு வலிமை போயிற்று. உடல் முழுவதும் குலுங்குகிறது. வேகமாக ஓடும்போது சுழல் சக்கரத்தின் நிலைமம் அந்தக் குறையை மறைத்துவிடுகிறது. வறுமையில்தானே குடும்பத்தின் ஓட்டை வெளியே தெரிகிறது. எஞ்சினின் வறுமைதான் ஐடிலிங்.

ஆகவே நடுக்கம் என்றால், எந்த உருளையோ சரியாக எரியவில்லை என்று பொருள். எரிவதற்கு மூன்று வேண்டும்: தக்க அளவில் காற்றும் பெட்ரோலும், தக்க நேரத்தில் தீப்பொறி, ஒழுகாத அழுத்தம். பெட்ரோல் ஒரு பங்குக்குக் காற்று எடையில் 14.7 பங்கு என்பது எரிகலவையின் முறையான அளவு. பெட்ரோல் மிகுந்தாலும் நடுக்கம் வரும், குறைந்தாலும் வரும். ஆனால் செலவும் சேர்ந்து கூடினால், பெட்ரோல் மிகுதியாகப் போகிறது என்ற பக்கமே ஐயம் சாய வேண்டும்.

என் முதற்பிழை

மாமா கேட்ட மாத்திரத்தில் நான் ஒரு விடையை வைத்திருந்தேன். பெங்களூர் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இங்கே காற்றின் அடர்த்தி சென்னையைவிடப் பத்தில் ஒரு பங்கு அளவுக்குக் குறைவு. காற்று மெலிந்தால் கலவையில் பெட்ரோல் மிகும்! தாளில் கணக்குப் போட்டு மாமாவிடம் நீட்டினேன்.

மாமா தாளை வாங்கிப் பார்க்கக்கூட இல்லை. "ஏண்டா மாப்பிள்ளை, பெங்களூர் போன மாதம்தான் மேலே ஏறியதா?" என்று கேட்டார்.

நான் வாயடைத்துப் போனேன். பழைய கார்புரேட்டர் வண்டிக்கு என் கணக்கு ஓரளவு பொருந்தும். கார்புரேட்டரில் கலவையின் அளவு காற்றடர்த்தியின் வர்க்கமூலத்தைப் பின்பற்றுவதால், இங்கே பெட்ரோல் நான்கு ஐந்து விழுக்காடு மிகும். ஆனால் இந்த வேனில் காற்றழுத்தத்தை அளக்கும் சென்சார் உண்டு. மெலிந்த காற்றுக்கு ஏற்பக் கணினியே பெட்ரோலைக் குறைத்துக்கொள்ளும். எல்லாவற்றுக்கும் மேலாக, மாறாத ஒன்று மாறிய ஒன்றுக்குக் காரணம் ஆகாது. உயரம் மாறவில்லை, மைலேஜ் மாறியது. தர்க்கத்தின் முதற்பாடத்தை மாமா ஒரே வினாவில் நடத்திவிட்டார்.

பெட்ரோல்மேல் பழி

அடுத்து, தெருவில் எல்லோரும் சொல்லும் காரணம் இருக்கிறது: "இப்போது வருகிற பெட்ரோல் சரியில்லை, சாராயம் கலக்கிறார்கள்." சாராயம் என்று அவர்கள் சொல்வது எதனால். இருபது விழுக்காடு எதனால் கலந்த பெட்ரோல் 2023 பிப்ரவரி 6 அன்று இதே பெங்களூரில் நடந்த எரிசக்தி வார மாநாட்டில் அறிமுகம் ஆயிற்று. 2025க்குள் நாடெங்கும் அந்தக் கலப்பே வழக்கமாகிவிட்டது.

இதைக் கணக்குப் போட்டே பார்க்கலாம். ஒரு லிட்டர் பெட்ரோலில் ஏறத்தாழ 32 மெகாஜூல் ஆற்றல் உண்டு. ஒரு லிட்டர் எதனாலில் 21தான். ஐந்தில் ஒரு பங்கு எதனால் என்றால் லிட்டருக்கு 29.8 மெகாஜூல் ஆகிறது. குறைவு, நூற்றுக்கு ஏழு. பழைய நான்கு சக்கர வண்டிகளில் 6 முதல் 7 விழுக்காடு மைலேஜ் குறையும் என்று நிதி ஆயோக்கின் 2021ஆம் ஆண்டு அறிக்கையும் கூறிற்று. பதினான்கில் ஏழு விழுக்காடு ஒரு கிலோமீட்டர். நோட்டில் 14 என்பது 13 ஆனதற்கு இது ஒத்துப்போகிறது.

ஆனால் 13 என்பது 10.5 ஆனதற்கு? அதற்கு எதனால் போதாது. மேலும், ரப்பர்க் குழாய்களை எதனால் மெல்ல மெல்லக் கெடுக்கலாம்; ஒரே கோடையில் மைலேஜை இப்படிக் கவிழ்க்காது. தோழர்களே, ஐயத்திற்கு உரிய ஒவ்வொன்றையும் "உன்னால் எவ்வளவு முடியும்?" என்று கேளுங்கள். அளவு பொருந்தவில்லை என்றால் விட்டுவிடுங்கள். பெட்ரோலைக் குற்றவாளி என்று முடிவுகட்டி வீட்டுக்குப் போயிருந்தால், மாமா வண்டியை விற்றிருப்பார்.

பிளக்குகள் சொன்ன செய்தி

எளியவற்றை முதலில் பார்த்தேன். டயரில் காற்று சரி. சமதரையில் கையால் தள்ளினால் வண்டி நகர்ந்தது. ஆகவே பிரேக் பிடித்துக்கொண்டு இழுக்கவில்லை. காற்று வடிகட்டி சுத்தமாக இருந்தது.

பிறகு பிளக்குகளைக் கழற்றினேன். பிளக்கின் முனை எஞ்சினின் நாக்கு. மருத்துவர் நாக்கை நீட்டச் சொல்வது போல இதைப் பார்க்க வேண்டும். வெளிர் காப்பி நிறம் நலத்தின் அடையாளம். வெளுத்துக் கொப்புளித்திருந்தால் மிகைச் சூடு. எண்ணெய்ப் பிசுக்கு என்றால் எண்ணெய் உள்ளே இறங்குகிறது. உலர்ந்த கரி படிந்திருந்தால் பெட்ரோல் மிகுதி. எங்கள் வேனில் மூன்று பிளக்கும் அடுப்புக் கரி போல இருந்தன. நடு உருளையின் பிளக் மிக மோசம். கரி மின்சாரத்தைக் கடத்தும். தீப்பொறியாகப் பாய வேண்டிய மின்சாரம் கரியின் வழியே ஒழுகிவிடுகிறது. அதுதான் மெக்கானிக்குகள் சொல்லும் மிஸ்ஸிங்.

ஐயத்தை உறுதிசெய்ய, எஞ்சின் ஓடும்போதே, பெட்ரோல் தெளிக்கும் இன்ஜெக்டர்களின் இணைப்பை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தேன். முதலாவதையும் மூன்றாவதையும் கழற்றியபோது எஞ்சின் தடுமாறியது. இரண்டாவதைக் கழற்றியபோது அதற்கு அது தெரியவே இல்லை. வேலை செய்யாதவன் விடுப்பு எடுத்தால் யாருக்குத் தெரியும்? பிளக் ஒயரைக் கழற்றி இச்சோதனையைச் செய்யாதீர்கள். அதில் உயர் மின்னழுத்தம் உண்டு. எரியாத பெட்ரோல் புகைக்குழாயிலுள்ள மாற்றியையும் கெடுக்கும்.

எஞ்சினை நிறுத்தி, முதல் உருளையின் பிளக்கையும் இரண்டாம் உருளையின் பிளக்கையும் இடம் மாற்றினேன். நோயும் இடம் மாறி முதல் உருளைக்குப் போயிற்று. ஆகவே குறை பிளக்கில். உருளையிலோ வால்விலோ மின்சுருளிலோ அல்ல.

அப்படியானால் புதிய பிளக் போட்டால் தீர்ந்தது என்று மகிழ்ந்தேன். மாமா சிரித்தார். "இது ஐந்து வாரத்துக்கு முன் போட்டதுதானே. அதற்கு முன்னும் ஒரு தடவை மாற்றியாயிற்று. போட்டால் மூன்று வாரம் நன்றாக ஓடும். பிறகு பழைய குருடி கதவைத் திறடி."

மருந்து கேட்கிறது, ஆனால் நோய் திரும்புகிறது! அப்படியானால் நாம் தொடுவது நோயை அல்ல, அதன் குறியை. பிளக் கரியானதால் நடுக்கம், சரி. பிளக் ஏன் கரியாயிற்று? புகைச் சோதனைச் சீட்டும் அதே பக்கம் கை காட்டியது. இவ்வகை வண்டிக்கு ஐடிலிங்கில் கார்பன் மோனாக்சைடு 0.5 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும். சீட்டில் 2 என்று இருந்தது. கணினி மிகுதியாகப் பெட்ரோல் தெளிக்கிறது. ஏன்?

என் இரண்டாம் பிழை

காற்று எங்கேனும் திருட்டுத்தனமாக உள்ளே ஒழுகினால், இவ்வகை எஞ்சினில் அழுத்தச் சென்சார் ஏமாந்து, கணினி கூடுதல் பெட்ரோல் தெளிக்கக்கூடும். இதைக் காண வெற்றிட மானி உதவும். ஐடிலிங்கில் எஞ்சின் காற்றை உறிஞ்சும் குழாயில் 18 முதல் 21 அங்குலம் வெற்றிடம் காட்ட வேண்டும் என்று புத்தகத்தில் படித்திருந்தேன். ஒரு மானியை இரவல் வாங்கி வைத்துப் பார்த்தேன். முள் 16இல் நின்று அவ்வப்போது துடித்தது. "கண்டுபிடித்துவிட்டேன்!" என்று மாமாவிடம் சொல்லி, காற்றுக் குழாய்கள் அனைத்தையும் மாற்றச் செய்தேன். செலவு தொள்ளாயிரம் ரூபாய். மானி 16லேயே நின்றது. நடுக்கமும் நின்றபாடில்லை.

வெட்கத்தோடு, காக்ஸ் டவுன் மார்க்கெட் பக்கம் நெடுநாளாகப் பட்டறை வைத்திருக்கும் மேஸ்திரியிடம் போனேன். அவர் மானியைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, உங்கள் புத்தகம் மெட்ராஸில் படிக்க வேண்டியது. இங்கே மூன்று அங்குலம் கழித்துத்தான் படிக்கணும். பதினாறு நல்ல எஞ்சின்தான். முள் துடிக்குது பாருங்க, அது மிஸ்ஸிங்."

எவ்வளவு உண்மை! ஆயிரம் அடி உயரத்திற்கு ஏறத்தாழ ஓர் அங்குலம் பாதரசம் குறையும். பெங்களூர் மூவாயிரம் அடி. வெளிக்காற்றின் அழுத்தமே இங்கே 91 கிலோபாஸ்கல்தான். கடற்கரையில் அது 101. வெளியே குறைந்தால் மானி காட்டும் வேறுபாடும் குறையாதா? பாரமானியின் சமன்பாட்டை வகுப்பில் இருமுறை வருவித்திருக்கிறேன். உயரம் காரணம் அல்லாத இடத்தில் அதைக் காரணம் என்றேன். உயரத்தைக் கணக்கில் கொள்ள வேண்டிய இடத்தில் அதை மறந்தேன். மேஸ்திரிக்குச் சமன்பாடு தெரியாது. ஆனால் அது சொல்லும் செய்தி தெரியும்.

பொய் சொல்லாத சாட்சி

அடுத்த ஐயம், எஞ்சின் நீரின் வெப்பத்தைக் கணினிக்குச் சொல்லும் சென்சார்மேல் விழுந்தது. எஞ்சின் குளிர்ந்திருந்தால் பெட்ரோல் முழுதும் ஆவியாகாது. குளிர்ந்த சுவரில் துளியாகப் படிந்துவிடும். அதை ஈடுசெய்யக் கணினி கூடுதல் பெட்ரோல் தெளிக்கும். சூடேறியதும் குறைத்துக்கொள்ளும். "எஞ்சின் குளிராக இருக்கிறது" என்று சென்சார் ஓயாமல் பொய் சொன்னால் கணினி ஓயாமல் வாரி இறைக்கும்.

சென்சார் ஒரு மின்தடைதான். சூடு ஏற ஏறத் தடை குறையும். 20 டிகிரியில் ஏறத்தாழ 2400 ஓம். 80 டிகிரியில் ஏறத்தாழ 320 ஓம். இந்திரா நகருக்கு ஒரு நடை போய்வந்தவுடன் மல்டிமீட்டரால் அளந்தேன். 680 ஓம்! கணக்கிட்டால் 55 டிகிரி. ஓடிவந்த எஞ்சின் எண்பதைத் தாண்டியிருக்க வேண்டாமா? பொய்ச்சாட்சி பிடிபட்டான் என்று எண்ணினேன்.

ஆனால் இம்முறை கடைக்கு ஓடவில்லை. சென்சாரைக் கழற்றி, பழைய பால்பவுடர் டப்பாவில் தண்ணீர் ஊற்றி, வெப்பமானியோடு சேர்த்துச் சூடாக்கினேன். (சமையல் பாத்திரத்தை எடுக்காதீர்கள், கூலண்ட் நஞ்சு.) 40, 60, 80 என ஒவ்வொரு நிலையிலும் தடை சரியாக இருந்தது. கொதிநிலையில் 200 ஓம். பெங்களூரில் தண்ணீர் கொதிப்பது 100இல் அல்ல, 97 டிகிரியில். இதை மட்டும் இம்முறை மறக்கவில்லை!

சென்சார் உண்மைதான் பேசியிருக்கிறது. அப்படியானால் எஞ்சினே குளிராகத்தான் ஓடிக்கொண்டிருந்தது.

காலியான கூடு

அப்போதுதான், இத்தனை நாளும் என் கண்முன் இருந்ததை உணர்ந்தேன். மாமா பலமுறை பெருமையாகக் காட்டியிருக்கிறார்: "பார் மாப்பிள்ளை, சூட்டு முள் மேலே ஏறவே ஏறாது. எஞ்சின் குளுகுளுவென்று இருக்கிறது." நோயின் அடையாளத்தை நாங்கள் நலத்தின் அடையாளமாக எடுத்துக்கொண்டிருந்தோம்.

எஞ்சினுக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே தெர்மோஸ்டாட் என்னும் வால்வு ஒரு காவற்காரன் போல நிற்கும். அதன் வயிற்றில் ஒருவகை மெழுகு. எண்பது டிகிரியைக் கடக்கும் அளவில் மெழுகு உருகி விரிந்து வால்வைத் திறக்கும். அதுவரை நீர் ரேடியேட்டருக்குப் போகாமல் எஞ்சினுக்குள்ளேயே சுற்றி விரைவில் சூடேறும். காலையில் எஞ்சினைக் கிளப்பி, ரேடியேட்டருக்குப் போகும் மேற்குழாயைத் தொட்டுப் பாருங்கள். நல்ல வண்டியில் அது சில நிமிடம் சில்லென்று இருந்து, பிறகு திடீரெனச் சுடும். எங்கள் வேனிலோ முதல் நிமிடத்திலிருந்தே மெல்ல மெல்ல வெதுவெதுப்பாயிற்று.

"மாமா, இந்த வால்வை யாராவது தொட்டார்களா?" என்று கேட்டேன்.

மாமா சற்று யோசித்தார். "மே மாதம் ஊருக்குப் போனோமே, அப்போது வாணியம்பாடி தாண்டி வண்டி கொதித்து நின்றுவிட்டது. வழியில் ஒரு மெக்கானிக் எதையோ கழற்றி எறிந்துவிட்டு, இனிமேல் சூடே ஏறாது என்றார். அன்றிலிருந்து ஏறவே இல்லையே!"

கூட்டைத் திறந்தோம். உள்ளே ஒன்றும் இல்லை.

மாமா இதை எனக்கு ஏன் முன்னமே சொல்லவில்லை? மறைக்கவில்லை. அவருக்கு அது நோயல்ல, சிகிச்சை. சிகிச்சையைப் பற்றி யார் முறையிடுவார்கள்? "எப்போது தொடங்கியது? அதற்கு முன் என்ன நடந்தது?" என்று முதல் நாளே நான் கேட்டிருக்க வேண்டும். அந்த ஒரு வினாவைக் கேட்காததன் விலை, தொள்ளாயிரம் ரூபாயும் பத்து நாளும். வழியில் உதவிய மெக்கானிக்கையும் குறை கூறுவதற்கில்லை. கொளுத்தும் வெயிலில் மாமாவையும் அத்தையையும் ஊர் கொண்டு சேர்த்தவர் அவர். ஒருநாளைக்கு உரிய மருந்தை மூன்று மாதம் உண்டது நாங்கள்.

நோயின் வேர்

புது வால்வைப் போட்டுவிடலாம் என்று நான் துள்ளினேன். மேஸ்திரி தடுத்தார். "அன்றைக்கு வண்டி ஏன் கொதித்தது தம்பி? அதைப் பார்க்காமல் வால்வு போட்டால் மறுபடி ஓசூர் ரோட்டில் நிற்கும்."

ரேடியேட்டரைக் கழற்றினார். குழாய்களில் பாதி சுண்ணாம்பு போல அடைத்திருந்தது. ஆண்டுக்கணக்கில், ஊருக்குப் போகும்போதெல்லாம் ஆழ்குழாய்க் கிணற்றின் உப்புநீரை ஊற்றிவந்ததன் பயன் அது. ஆக, சங்கிலி முழுதும் தெரிந்தது. கடினநீரால் ரேடியேட்டர் அடைத்தது, அதனால் கோடையில் கொதித்தது, கொதித்ததால் வால்வு போயிற்று, வால்வு போனதால் பெங்களூரின் மழைக்காலக் குளிரில், ஏழு ஏழு கிலோமீட்டராக ஓடும் எஞ்சின் சூடேறவே இல்லை, ஆகவே பெட்ரோல் மிகுந்தது, பிளக் கரியாயிற்று, சாம்பார்த் தூக்கு தாளம் போட்டது. நாங்கள் இருமுறை மாற்றியது இந்தச் சங்கிலியின் கடைசிக் கண்ணியை மட்டும்.

ரேடியேட்டரைச் சுத்தம் செய்து, புதிய வால்வும் கூலண்டும் பிளக்குகளும் இட்டோம். எரியாத பெட்ரோல் கலந்து எண்ணெய் நீர்த்திருந்ததால் அதையும் மாற்றினோம். மறுநாள் முள் நடுவில் வந்து நின்றது. மாமாவுக்கு முதலில் அச்சம், "ஏறுகிறதே!" என்றார். ஏறத்தான் வேண்டும், அங்கேயே நிற்கவும் வேண்டும் என்று மேஸ்திரி விளக்கினார். கார்பன் மோனாக்சைடு 0.5க்குக் கீழே இறங்கியது. அதோடு வெற்றி என்று நான் எழுதிவிடவில்லை. மூன்று வாரம் நன்றாக ஓடுவது இந்த வண்டிக்குப் பழக்கம் ஆயிற்றே! ஆறு வாரம் பொறுத்துப் பிளக்கைக் கழற்றினேன். காப்பி நிறம். நான்கு முறை டேங்க் நிரப்பிய சராசரி, லிட்டருக்கு 13. பதினான்கு திரும்பவில்லை, அந்த ஒரு கிலோமீட்டரைப் பெரும்பாலும் எதனால் எடுத்துக்கொண்டது. ஆறாவது நடை நின்றுபோகவில்லை, டியூஷனும் தொடர்கிறது.

தோழர்கள் நினைவில் கொள்ள வேண்டியவை

1. முதலில் வண்டியைத் தொடாதீர்கள், உரியவரைக் கேளுங்கள். எப்போது தொடங்கிற்று, அதற்கு முன் யார் எதைக் கழற்றினார் என்று கேளுங்கள்.

2. டேங்க் நிரப்பி அளக்காத மைலேஜை நம்பாதீர்கள்.

3. காசில்லாத சோதனைகளை முதலில் செய்யுங்கள்: டயர், பிரேக், காற்று வடிகட்டி, சூட்டு முள், மேற்குழாய், பிளக்கின் நிறம்.

4. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். இரண்டை மாற்றினால் எது குணமாக்கியது என்று தெரியாது.

5. ஐயத்திற்குரிய ஒவ்வொன்றுக்கும் அளவு கேளுங்கள், தேதியும் கேளுங்கள்.

6. புத்தகத்திலுள்ள எண் எந்த ஊருக்கு எழுதியது என்று பாருங்கள்.

7. சென்சாரை மாற்றுமுன் சோதியுங்கள். கெட்ட செய்தி கொண்டுவந்தவன் என்பதற்காகத் தூதனைத் தண்டிக்காதீர்கள்.

8. மருந்து கேட்டும் நோய் திரும்பினால், "ஏன்?" என்று இன்னும் ஒருமுறை கேளுங்கள்.

இவற்றுள் எதுவும் வண்டிக்கு மட்டும் உரியதன்று. ஆய்வுக்கூடத்தில் என் சோதனை பிழைக்கும்போதெல்லாம் இப்போது முதலில் கேட்கும் வினா, "நேற்று இதை யார் தொட்டார்?" என்பதே.

நம் மன்றத்துத் தோழர்களுள் எவருடைய வண்டியாவது நடுங்கினால், ஞாயிற்றுக்கிழமை காலையில் காக்ஸ் டவுனுக்குக் கொண்டு வாருங்கள். சேர்ந்து பார்ப்போம், அத்தை கையால் இட்லியும் உண்டு. ஆனால் வரும்போது, வண்டியின் சென்ற ஆறு மாத வரலாற்றை ஒரு தாளில் எழுதிக்கொண்டு வாருங்கள்.